விரிசலுக்கு விளக்கம் சொன்ன நாள்

எழுமலையிலிருந்து உசிலம்பட்டி சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை, ஒரு அளவு டேப். (டேப் இன்ஜினியருடையது. திரும்பிப் போய்க் கொடுக்க முகமில்லை.) ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஊர் ஊராக ஏழெட்டு வேலை பார்த்தவன் நான். மற்ற வேலைகள் பொய் சொல்லிப் போயின. இது உண்மையைச் சொல்லிப் போனது.

ரிட்டையர்டு வாத்தியார் ஒருவரின் வீட்டுக் கட்டுமானத்தில் மேஸ்திரிக்கும் இன்ஜினியருக்கும் நடுவில் நான் சூப்பர்வைசர். தளம் போட்டு முட்டுகளைப் பிரித்தாகிவிட்டது. மாடி வேலையையும் எங்களுக்கே தருவதா என்று முடிவு செய்ய வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த வேலை கிடைத்தால்தான் எனக்கும் வேலை. இன்ஜினியர் போனில் சொன்னார்: "டீ வாங்கிக் குடுத்து உட்கார வை. வாயத் தொறக்காத, வந்துர்றேன்."

வாத்தியார் அண்ணாந்து பார்த்தார். "தம்பி, அங்க கோடு மாதிரி தெரியுதே?"

தெரியாது என்றிருக்கலாம். எனக்குத்தான் விஷயம் தெரியுமே.

"விரிசல் சார். விரிசல் விடும்னு கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்கோம்."

வாய்க்குப் போன வாத்தியாரின் டீ கிளாஸ் பாதியில் நின்றது.

"கான்கிரீட்டை அமுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது சார். தளம் லேசா வளையும்போது அடிப்பக்கம் இழுபடும். மயிரிழையா விரிசல் விட்டப்புறம்தான் கம்பி முழுசா வேலைக்கு வரும்."

"அப்ப இம்புட்டு நாளா அது லீவுலயா இருந்துச்சு?" என்றார் வாத்தியார்.

"எங்களை அடியில படுக்கச் சொல்லிட்டு விரிசல் கணக்கு போட்டீங்களாக்கும்?" என்று அந்தம்மா நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினார்.

சொல்லிப் புரியவில்லை, செய்து காட்டுவோம் என்று மேலே ஓடினேன். தளத்தின் நடுவில் நின்று குதித்தேன். கீழே சத்தம் கேட்டது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு குதி குதித்தேன்.

இறங்கி வந்து பார்த்தால், தளம் போடும்போது அடியில் கொடுத்திருந்த தகரங்களின் இடுக்கில் வழிந்து காய்ந்திருந்த சிமெண்ட் பாலின் ஒரு சில்லு அந்தம்மாவின் டீயில் விழுந்திருந்தது. தளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதையும் விளக்கப் போனேன். கேட்க ஆளில்லை, இருவரும் வாசலில் நின்றார்கள்.

இன்ஜினியர் வந்தார். ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். "இதுல பயமே இல்ல சார். இந்த விரிசலையும் சேர்த்துத்தான் தளத்தோட கனம், தொய்வு, கம்பி எல்லாம் கணக்கு பண்ணியிருக்கோம்."

"உங்க தம்பி விவரமாச் சொல்லிட்டாரு. மாடிய அப்புறம் பார்த்துக்கிறோம்" என்றார் வாத்தியார், மரியாதையாக.

அவர்கள் போனதும் இன்ஜினியர் என் தோளில் கை வைத்தார்.

"நீ சொன்னது அம்புட்டும் சரிதான் மாப்ள. அதனாலதான் உன்னைய வச்சுக்க முடியல."

(வருடங்கள் கழித்து இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இப்போது வீட்டில் தட்டு உடைந்தாலும், "விடுங்க, கணக்குப் போட்டதுதானே" என்கிறாள்.)

வேலை போன மறுநாள் காலை மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை கேட்டேன். கடைக்காரர் சேர்த்துக்கொண்டார். முதல் மூட்டையை இறக்கும்போதே ஓர் அம்மா மல்லிகையைக் கிள்ளிப் பார்த்து, "சாயங்காலம் வரைக்கும் வாடாம இருக்குமாப்பா?" என்றார்.

பூவைப் பார்த்தேன். பதில் தெரிந்தது.

"கடைக்கார அண்ணன்கிட்ட கேளுங்கம்மா" என்று அடுத்த மூட்டைக்குப் போனேன்.