‘முன்னுரை’க்கு ஒரு விருப்பப்பாடம்

பல்கலைக்கழக வளாகங்களில் மட்டும் செழித்து வளரும் ஓர் உயிரினம் உண்டு, வாசகரே. பெயர்: விருப்பப்பாடம் தேடி. முக்கியப் பாடத்துக்கு வெளியே ஏதாவது ஒன்றை விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம் என்றால் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இவன் தேடுவான்.

நம் ஆசாமி கணக்கியல் மாணவன். பருவம் தொடங்கியதும் வானியலின் முதல் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளப்பான். அது முடிந்ததும் உளவியலுக்கு ஓடித் தலையாட்டுவான். மத்தியானம் சட்டம், மாலையில் சிற்பம், நடுவில் டீ குடிக்கப் போகும் வழியில் கதவு திறந்திருந்த பாவத்துக்குக் கடல் வாணிப வரலாறு. இரண்டாம் வகுப்பு? அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டான். முதல் வகுப்பில்தான் யாரும் கேள்வி கேட்பதில்லை. வாத்தியாரும் புது மாப்பிள்ளை மாதிரி சிரித்த முகமாக இருப்பார். நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘முன்னுரை’.

இவ்வளவு ஞானம் வீட்டில் சும்மா இருக்குமா? பல் டாக்டரான அக்கா களைத்துப்போய் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

“உனக்குள்ள அடக்கி வச்ச கோபம் நிறைய இருக்குக்கா.”

“அடக்காமக் காட்டட்டுமாடா? வாயைத் திற, எத்தனை பல்லு மிஞ்சுதுன்னு பார்ப்போம்.”

இப்படியே ஒவ்வொரு பருவமும் ‘அடுத்த தடவை’ என்று போய், கடைசிப் பருவம் வந்தது. விருப்பப்பாடம் இல்லையென்றால் பட்டம் இல்லை. நண்பர்கள் அங்கி மாட்டிப் படமெடுத்துக்கொள்ளும்போது இவன் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். சேர்க்கை மூடும் நாளன்று அலுவலகத்துக்கு ஓடினான்.

“எல்லாம் நிரம்பிடுச்சு தம்பி. பூச்சியியல் ஒண்ணுதான் இருக்கு. போடவா?” என்றார் அங்கிருந்த அம்மாள்.

“அதோட முதல் வகுப்பு எப்ப மேடம்?”

“போன வாரமே முடிஞ்சுதே.”

முகம் வெளுத்துவிட்டது. முதல் வகுப்பே இல்லாத பாடமா?

“வேற வழி இல்லையா மேடம்?”

“இருக்கே. அடுத்த வருஷம் வாங்க.”

போட்டுக்கொண்டான்.

“போன வகுப்புல எங்க விட்டோம்?” என்று கேட்டபடி பேராசிரியர் நுழைந்தார். இப்படி ஒரு வாக்கியம் உலகத்தில் இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். திரையில் ஈசல் படம் விழுந்தது.

“கூட்டமாக் கிளம்பும், விளக்கைச் சுத்தும், ஒரே நாள்ல ஆட்டம் க்ளோஸ். யாரு இது?”

“முன்னுரை, சார்!” என்றது பின்வரிசை. வகுப்பு குலுங்கியது.

“ஆனா எல்லாமே செத்துப்போறதில்ல. சிலது இறக்கையை உதிர்த்துட்டு ஜோடியா மண்ணுக்குள்ள போகும். போய் என்ன பண்ணுதுன்னா...”

மணி அடித்தது. “மிச்சம் அடுத்த வகுப்புல.”

அநியாயமா இல்லையா இது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் வகுப்புக்குப் போகும் வழியில், ‘பொம்மலாட்டம், முதல் வகுப்பு’ என்று ஒரு கதவு ஆசையாகத் திறந்திருந்தது. நின்றான். ஒரு கால் உள்ளேயும் போனது. மண்ணுக்குள் போன ஜோடி காலைப் பிடித்து இழுத்தது. ஓடினான், பூச்சிகளிடம்.

அன்று சாப்பிடும்போது, அந்த ஜோடி ராஜா ராணியாகிப் புற்றையே எழுப்பும் கதையைச் சொன்னான். அக்கா கை சோற்றில் நிற்க, “அப்புறம்?” என்றாள். அவன் பேச்சுக்கு அந்த வீட்டில் விழுந்த முதல் ‘அப்புறம்’. அப்புறமும் அவனுக்குத் தெரிந்திருந்தது. பட்டம் பிழைத்தது.

சிரிக்கிறீர்கள். சரி, முதல் பாடத்தோடு மூலையில் சாய்த்த அந்தக் கிட்டார் எப்படி இருக்கிறது? பத்தாம் பக்கத்தில் ஓரம் மடித்துவைத்த புத்தகங்கள் சௌக்கியமா? அதிருக்கட்டும், இந்தக் கட்டுரையிலேயே முதல் பத்தியிலிருந்து நேராக இங்கே தாவிவிட்டீர்களோ? பின்வரிசையில் யாரோ உங்கள் பெயரைச் சொல்கிற மாதிரி கேட்கிறதே.