டூரப்பா சுற்றிக் காட்டிய ஊர்

திருவண்ணாமலைக்கு வந்து போகிற லட்சக்கணக்கான பேரில் ஒருத்தர்கூட இந்த ஊரை ஒழுங்காகப் பார்த்ததில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். கோயிலைப் பார்க்கிறார்கள், மலையைச் சுற்றுகிறார்கள், ஒரு காபி குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். செப்டிக் டேங்க் லாரி தன் குழாயைச் சுருட்டிக்கொள்வதை அவர்கள் நின்று பார்த்ததுண்டா? ஜவுளிக்கடை லிஃப்ட்டில் எந்தக் காரணமும் இல்லாமல் மேலும் கீழும் போய் வந்ததுண்டா? கிடையாது. இந்த ஊரை முழுசாகப் பார்த்து முடித்த ஒரே மனிதர் எங்கள் டூரப்பாதான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த எங்கள் நகரில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. அவர் மனைவி சுதாவுக்கு கலெக்டர் ஆபீசில் வேலை. டூரப்பா வீட்டிலேயே இருந்து, இரண்டு வயது மகள் யாழினியைப் பார்த்துக்கொண்டார். அதற்கு முன்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை இருந்த கட்டடத்தை இடித்தபோது அதோடு அந்தத் தொழிலையும் விட்டுவிட்டார். 'டூரப்பா' என்று பெயர் வைத்தவன் என் மகன் கவின். அவனுக்கும் அப்போது இரண்டு வயது. 'தாத்தா' என்ற சொல் வருவதற்கு முன்பே இது வந்துவிட்டதில் என் மாமனாருக்கு இன்னும் வருத்தம் உண்டு.

நானும் அப்போது வீட்டில்தான் இருந்தேன். சென்னையில் பார்த்த வேலையைக் குழந்தைக்காக விட்டவள். கணவர் காலையில் பாங்குக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார். நடுவில் இருக்கிற பகல் முழுக்க நானும் கவினும் செல்போனில் ஆடுகிற ஒரு கார்ட்டூன் யானையும்தான். அந்த யானை பாடாவிட்டால் கவின் சாப்பிட மாட்டான். பாடினால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஒருநாள் காலை யாரோ கேட்டைத் தட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். அரைக்கால் டிரவுசர், தலையில் துண்டு, இடுப்பில் குழந்தை, தோளில் பெரிய பை, கையில் விரித்த குடை. எதிர் வரிசை வீட்டுக்காரர் என்று தெரியும். பேசிப் பழக்கமில்லை.

"தங்கச்சி, உங்க வீட்ல சின்னப் பையன் இருக்கான் இல்ல?"

"இருக்கான்ணா. ஏன்?"

குரலைத் தாழ்த்தினார். "மூணாவது தெரு காலி மனைல ஜேசிபி வந்திருக்குது. வீடு கட்ட கடக்கால் எடுக்கறாங்க. மதியத்துக்கு மேல இருக்காது. பையனைச் சீக்கிரம் கிளப்புங்க."

சாமி புறப்பாடு பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு, கையில் இட்லிக் கிண்ணத்தோடு நானும் கிளம்பிவிட்டேன்.

எங்களுக்கு முன்பே அங்கே எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது. புங்க மரத்தடியில், மண் தெறிக்காத தூரத்தில் ஒரு கோணி விரித்திருந்தார். குழந்தைகளை முன்னால் உட்காரவைத்து வர்ணனையை ஆரம்பித்தார். "இதோ அண்ணன் கைய நீட்டறாரு. வாயத் தொறக்கறாரு. ஒரு வாய் மண்ணு அள்ளிட்டாரு. ஐயோ, புடிக்கலையாம், துப்பிட்டாரு." ஜேசிபி ஒரு வாய் அள்ளினால் கவினும் வாயைத் திறந்தான். நான் இட்லியை வைத்தேன். கிண்ணம் காலியானபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. யானை பாடாமல் என் மகன் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

அன்றிலிருந்து நாங்களும் டூரில் சேர்ந்துவிட்டோம். முன்னால் அவருடைய பழைய மொபெட், பின்னால் என் ஸ்கூட்டி. அந்தப் பையில் பொரி, வாழைப்பழம், தண்ணீர், துண்டு, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற மாற்று ஜட்டிகள் எல்லாம் இருக்கும். ஊரில் எங்கே எது நடக்கிறது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். "இன்னைக்கு அடி அண்ணாமலைல ஆடு குளிப்பாட்டறாங்க" என்பார். "தண்ணி லாரி ரொப்பற எடத்துல குழாய் ஒழுகுது, நாளைக்கு சரி பண்ணிடுவாங்க, இன்னைக்கே போயிடணும்" என்பார்.

பணம் கட்டி நுழைகிற இடம் எதுவும் அவருக்கு ஆகாது. டவுனில் குழந்தைகளுக்கான விளையாட்டு இடம் ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். தொட்டி நிறைய பிளாஸ்டிக் பந்து. ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று நான்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு பரிதாபம்.

"எல்லா பந்தும் ஒரே சைஸா இருக்குது தங்கச்சி" என்றார்.

அப்படியே கட்டடத்தின் பின்பக்கம் போனார். அங்கே ஏசி மிஷினிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குழந்தைகள் இரண்டும் உள்ளங்கையை நீட்டி அதைப் பிடித்தன. ஒரு சொட்டு விழும், சிரிக்கும், கையைப் பார்க்கும், மறுபடி நீட்டும். சாப்பாட்டு நேரம் வந்ததும் தூக்கினோம். ஏதோ பெரிய கண்காட்சியைப் பாதியில் விட்டு வந்ததுபோல் வழி முழுக்க அழுதன.

ரயில்வே கேட் இன்னொரு முக்கிய ஸ்தலம். கேட் போட்டால் ஊரே எரிச்சலாகும். பைக்கில் வந்தவர்கள் ஹாரன் அடிப்பார்கள். டூரப்பா மட்டும் "இன்னும் கொஞ்சம் லேட்டா வரட்டும் சாமி" என்று வேண்டிக்கொள்வார். கூட்ஸ் வண்டி வந்தால் யோகம்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் எங்கள் கோஷ்டி டாட்டா காட்டும். பெட்டிகளிலிருந்து யார் பதிலுக்குக் காட்டுவது? அதனால் பின்னால் நிற்கிறவர்கள் பக்கம் திரும்புவார். "சார், நீங்க கொஞ்சம் காட்டுங்க, குழந்தைங்க ஏமாந்துடும்." ஹெல்மெட்டுக்குள் முறைத்துக்கொண்டிருந்த மனிதர்களெல்லாம் வேறு வழியில்லாமல் கையை ஆட்டுவார்கள். ஒருமுறை டவுன் பஸ் முழுக்க ஆட்டியது.

ஜவுளிக்கடை விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வெயில் தாங்காத நாட்களில் எங்கள் டூர் அங்கேதான். லிஃப்ட்டில் மேலே போவோம், இறங்கிக் கண்ணாடியில் முகம் பார்ப்போம், மறுபடி லிஃப்ட்டில் கீழே வருவோம். நாலைந்து முறை ஆனதும் மேனேஜர் வந்து நின்றார்.

"என்னங்க பாக்கறீங்க? பட்டா, காட்டனா?"

"ஒண்ணும் பாக்கலைங்க. லிஃப்ட்ல வந்தோம்."

"எதுக்குங்க வந்தீங்க?"

"லிஃப்ட்டுக்குத்தாங்க."

நான் புடவை அடுக்குக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். டூரப்பா நிதானமாகச் சொன்னார்: "இந்த வயசுல இதுங்களுக்கு லிஃப்ட்டே ஜாஸ்திங்க. வளந்து கல்யாணம்னு வந்தா இங்கதான் புடவை எடுப்போம், வேற கடைக்குப் போக மாட்டோம்." மேனேஜர் சிரித்துவிட்டார். கிளம்பும்போது ஆளுக்கொரு பலூன் கொடுத்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சம்பவம் ரமணாசிரமம் பக்கத்தில் நடந்தது. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், மரத்தடியில், அவர் ஒரு துணுக்கு வெல்லத்தைத் தரையில் வைத்தார். எறும்புகள் வந்தன. குழந்தைகளும் அவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. டூரப்பாவுக்குத் தாடி வேறு சவரம் செய்யாமல் வளர்ந்திருந்தது. அந்த வழியாக வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எம்பு" என்றாள் யாழினி.

"எ...றும்...பு" என்று மெதுவாகத் திருத்தினார் டூரப்பா.

"எரும்பு" என்றார் அந்த அம்மா, கண்ணைத் திறக்காமல்.

மறுநாள் அந்த அம்மா இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். டூரப்பா என் பக்கம் சாய்ந்து, "யாரைத் தேடி வந்திருக்காங்க இவங்க?" என்றார்.

"உங்களைத்தாண்ணா. உங்களைச் சாமியார்னு நெனச்சிட்டாங்க."

யோசித்தார். "சரி, இருக்கட்டும். சத்தம் போடாம உக்காரச் சொல்லுங்க. எறும்பு மிரண்டுடப் போகுது."

போகும்போது ஒருவர் அவர் காலடியில் சாமந்திப் பூ ஒன்றை வைத்து வணங்கினார். கவின் அதை இதழ் இதழாகப் பிய்த்து எறும்புகளுக்குப் போட்டுவிட்டான்.

இப்படி ஒன்றரை வருஷம் போல ஓடியது. தெருவில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர் கண்டுகொள்ளவில்லை. சுதாவும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து சுதாவின் அண்ணன் வந்தார். அவர் வந்த நேரத்தில் டூரப்பா, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் குழந்தைகளோடு குகை தோண்டிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் மண். நானும் அங்கேதான் இருந்தேன்.

"இன்னும் எத்தினி நாளைக்கு மாப்ள மண்ணுல விளையாடப் போறீங்க?"

டூரப்பா நிமிரவில்லை. "இன்னும் ஒரு வருஷம் மச்சான். அதுக்கப்புறம் கூப்பிட்டாலும் இவ வர மாட்டா."

மச்சான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம்வரை அவர்கள் வீட்டில் பேச்சு நடந்தது. இரண்டு நாள் கழித்து சுதா என்னிடம் சொன்னாள்: "அவர் வீட்ல இருக்கறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லக்கா. ஒவ்வொரு விசேஷத்துலயும் 'மாப்ள இன்னா பண்றார்'னு கேக்கறாங்க பாருங்க, அதுக்குப் பதில் சொல்லித்தான் ஓஞ்சிட்டேன்." ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், ஸ்டோர்ஸ் பிரிவில், அண்ணன் வேலை பேசி வைத்திருந்தார். டூரப்பா யாரோடும் சண்டை போடவில்லை. தாடியை மழித்துக்கொண்டு, முழுக்கால் பேன்ட் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் போனார். பகலில் யாழினியைப் பார்த்துக்கொள்ளச் சுதாவின் அம்மா வந்தார்.

போகும் முன் என்னிடம், "டூரை நிறுத்திடாதீங்க தங்கச்சி" என்றார். நடத்திப் பார்த்தேன். யாழினியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போனேன். கேட்கீப்பர், "அண்ணன் வரலையாங்க?" என்றார். ஜவுளிக்கடை மேனேஜர் கேட்டார். ஜேசிபி டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கேட்டார். எனக்கு வர்ணனை வரவில்லை. "பாரு, மண்ணு அள்றாங்க" என்றேன். குழந்தைகள் ஒருமுறை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றன. கொஞ்ச நாளில் இரண்டையும் பள்ளிக்கூடத்தில் போட்டோம். டூர் நின்றது.

இந்த வருஷம் பொங்கல் லீவில் டூரப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே யாழினி. குழந்தைகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. சுதா வீடு மாறிப் போய்விட்டதாலும், பள்ளியில் வகுப்புப் பிரிவு வேறு என்பதாலும் ஒருவரையொருவர் அவ்வளவாகத் தெரியாது. கவின் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "யாரும்மா இவரு?" என்று காதில் கேட்டான். சொன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதையாக, "ஹலோ அங்கிள்" என்றான்.

"என் தோள்மேல ஒண்ணுக்குப் போன பய நீ" என்று சிரித்தார். பிறகு, "வாங்க, எங்கியாவது போயிட்டு வரலாம்" என்று இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்.

"வெயிலா இருக்குப்பா" என்றாள் யாழினி. கவின் டிவியைப் போட்டான். இரண்டும் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டன.

நான் காபி கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாசத்துக்கு ஒருக்கா வர்றேன் தங்கச்சி. விருந்தாளி வந்த மாதிரி பாக்கறா. 'தண்ணி வேணுமாப்பா'னு கேக்கறா." கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். "நல்ல வேலைதான். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா போயிருக்கக் கூடாது. அந்த ஒரு வருஷம் இருந்திருக்கணும்."

"உள்ளுக்குள்ள எல்லாம் இருக்கும்ணா. மறந்திருக்க மாட்டா."

"மறந்துட்டா தங்கச்சி. கேட்டுப் பாத்துட்டேன்" என்றார், கோபமே இல்லாமல்.

அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். டாட்டா காட்டிய டவுன் பஸ், லிஃப்ட், கண்ணை மூடி 'எரும்பு' சொன்ன அந்த அம்மா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் மறந்துபோயிருந்ததைக்கூடச் சொன்னேன். முதலில் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா இல்ல" என்றார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பழைய மாதிரி உடம்பு குலுங்கச் சிரித்தார். காபி ஆறியே போய்விட்டது.

அவர் போன பிறகு கவின் கேட்டான்: "அந்த அங்கிள் என்னையும் அந்தப் பொண்ணையும் டூர் கூட்டிட்டுப் போனாராம்மா?"

மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அதில் இரண்டு பேருக்கு வயசு பற்றவில்லை, மறந்துவிட்டார்கள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.