கருவாடும் முப்பது நாள் முத்திரையும்

திருட்டுமுழி திருடனுக்கு மட்டும் சொந்தமில்லை. கைப்பையில் கருவாட்டை வைத்துக்கொண்டு வெளிநாட்டு விமான நிலைய வரிசையில் நிற்கிற எவனுக்கும் அது தானாக வந்துவிடும். எனக்கு வந்தது.

நான் கரிக்கலாம்பாக்கத்துக்காரன். புதுச்சேரியில் பல வருஷம் ரொட்டி போட்டவன். ஒரு தீவு நாட்டு பேக்கரியில் இரண்டு வருஷ விசாவோடு வேலை கிடைத்தது. (நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.) சேதி தெரிந்ததும் நண்பர்கள் பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டிவிட்டார்கள். கூலிங் கிளாஸ் போட்ட என் முகம், பின்னால் விமானம், கீழே 'கடல் கடந்து செல்லும் எங்கள் சிங்கமே!' அந்தச் சிங்கம் அதுவரை விமானத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததுகூட இல்லை.

என் மனைவி கற்பகம் மணப்பட்டுக்காரி. கடலோரத்தில் பிறந்தவள் புருஷனை வெறுங்கையோடு அனுப்புவாளா? வாளைக் கருவாட்டைச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பழைய வேட்டியால் கட்டி, மேலே டேப்பும் ஒட்டினாள்.

"நாத்தம் வந்து மாட்டிக்கப் போறேன்டி" என்றேன்.

"இன்னா நாத்தம்? எம்மா, நீயே மோந்து பாத்துச் சொல்லு!"

மாமியார் மோந்தார். மச்சான் மோந்தான். "ஒண்ணியும் வரல மாப்ள, தைரியமா எடுத்துனு போங்க" என்று மாமியார் தீர்ப்பு சொன்னார். பிறந்ததிலிருந்து மீன் காயும் இடத்திலேயே வளர்ந்த மூக்குகள் அவை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

சென்னையில் பெட்டி எடை கூடிப்போனதால் மூட்டை கைப்பைக்கு மாறியது. தீவில் போய் இறங்கி, பாஸ்போர்ட் பார்க்கும் கவுன்டருக்கு வந்தபோது பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். கவுன்டரில் ஓர் இளைஞர். என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். போச்சுடா என்று நினைத்தேன். அவரோ ஒரு கேள்வியும் கேட்காமல் டப்பென்று முத்திரை குத்தி பாஸ்போர்ட்டைத் தள்ளிவிட்டார். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினேன்.

ஓடிய ஓட்டம் சுங்கச் சோதனையில் முடிந்தது. கையுறை போட்ட ஓர் அம்மாள் மூட்டையைப் பிரித்து, எச்சரித்து, கருவாட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். போகட்டும், ஆள் தப்பித்தேனே என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் பேக்கரியின் ஆபீஸ் பெண் நகலெடுப்பதற்காக என் பாஸ்போர்ட்டை வாங்கினாள். பக்கத்தைப் புரட்டியவள் முகம் மாறியது.

"உங்களுக்குச் சுற்றுலாப் பயணிக்கான முத்திரை குத்தியிருக்கிறார்கள். முப்பது நாள்தான் தங்கலாம்."

ஒரு பக்கத்தில் இரண்டு வருஷ வேலை விசா. எதிர்ப்பக்கத்தில் முப்பது நாள் முத்திரை. சுற்றுலாப் பயணி வேலை செய்தால் குற்றமாம். பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டால் மறுபடி உள்ளே விட மாட்டார்களாம். நானோ வந்த மறுநாளிலிருந்து மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பயத்தில் அன்றைய ரொட்டி ஒன்றுகூட உருப்படவில்லை.

கற்பகத்துக்கு போன் போட்டேன்.

"இன்னாங்க சொல்றீங்க? வூட்டுக்கு வந்துடுவீங்களா?"

"அனுப்பிடுவாங்க போலக்குது."

"ஐயோ, பேனர இன்னும் அவுக்கலயே!" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். "நீங்க வந்தா எனக்கு சந்தோஷந்தான். ஆனா இப்பிடி தல குனிஞ்சி வராதீங்க."

எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் ஆபீஸ் பெண் என்னை விமான நிலைய அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி ரொட்டி வகைகளின் பெயர், ஆகவே பேச்செல்லாம் அவள்தான். கண்டிப்பான பெண் அதிகாரி ஒருவர் முத்திரையைத் தட்டிக் காட்டினார். "சுற்றுலா என்று அன்று நீங்களே சொல்லியிருக்கக்கூடும். முத்திரைதான் எங்களுக்குக் கணக்கு." அந்த இளைஞரைக் கூப்பிட்டுக் கேட்டார். "தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள், இவரை ஞாபகமில்லை" என்றார் அவர். அவ்வளவுதான், ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். மடியிலிருந்த பையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கருவாடு வந்த அதே கைப்பை; என்னிடம் வேறு பை இல்லை.

இளைஞரின் மூக்கு சுருங்கியது. பையை உற்றுப் பார்த்தார். காது சிவந்துபோயிற்று.

"ஞாபகம் வந்துவிட்டது மேடம். இந்தப் பைதான். நாற்றம் தாங்காமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். விசாப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. ஆள் சீக்கிரம் போனால் போதும் என்று கைக்குக் கிடைத்த முத்திரையைக் குத்திவிட்டேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "பையில் என்ன இருந்தது?"

ஒன்றுமில்லை என்று சொன்னால் இளைஞர் சொன்னது பொய்யாகிவிடும். உண்மையைச் சொன்னால் கருவாட்டு வழக்கு மறுபடி கிளம்புமோ என்னவோ! மாரியம்மா, நீதான் துணை.

"டிரை ஃபிஷ், மேடம்."

பையை வாங்கி அவரே ஒரு தடவை மோந்தார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். பிறகு பழைய முத்திரையின் மேல் கோடு போட்டு ரத்து செய்து, இரண்டு வருஷத்துக்குப் புதியதைக் குத்தி, கையெழுத்துப் போட்டார். "இனிமேல் தேதியைப் பார்த்துவிட்டு நகருங்கள்" என்றார் என்னிடம். இளைஞரிடம், "நீ மூச்சு விட்டுக்கொண்டே குத்து" என்றார். நான் அந்த மேஜைக்கு முன்னாலேயே தேதியை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன்.

இன்றைக்கும் நான் லீவில் ஊருக்குப் போயிருக்கும்போது எங்கள் வீட்டில் பால் கெட்டுவிட்டதா, குழம்பு ஊசிவிட்டதா என்று சந்தேகம் வந்தால், "மணப்பட்டு மூக்கைக் கூப்பிடுங்கள்" என்று நான் சொல்வதும், கற்பகம் கரண்டியைத் தூக்குவதும் வழக்கம். போன முறை லீவு முடிந்து கிளம்பும்போது பெட்டியைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில் புதுசாக ஒரு மூட்டை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"கத்தாதீங்க. இந்த வாட்டி நாத்தமே இல்ல. எங்கம்மா ரெண்டு தபா மோந்து பாத்துட்டாங்க."