ஏழுவாயின் சொந்தக் குரல்

நோர்வேத் தமிழரில் தன் குரலைத் தொலைத்துவிட்டு, அதைத் தேடி என் வீட்டுக் கதவைத் தட்டிய ஒரே மனுசி ஏழுவாய்தான். குடை தொலைப்பார்கள், தொப்பி தொலைப்பார்கள், ஒற்றைக் கையுறை தொலைப்பதில் நானே கெட்டிக்காரி. குரலைத் தொலைத்த ஆளை அவளுக்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் குடிவந்த முதல் நாள் மாலை, சுவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே சண்டை பிடித்தது. கிழவர் இருமினார். குழந்தை அழுதது. ஒரு தாய் திட்டினாள். யாரோ ஐயர் புகுந்து சமாதானம் பேசினார். எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர். 'ஐயோ பாவம், ஓரறை வீட்டில் ஏழு பேரோ' என்று பதினான்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டுபோய் மணியை அடித்தேன். கம்பளிக் காலுறை போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி திறந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு மைக், ஒலி போகாமல் சுவரில் சாத்திய மெத்தைகள். வேறு ஒரு குருவியும் இல்லை.

"மற்றாக்கள் எங்கை பிள்ளை?"

"நான்தான் அக்கா மற்றாக்கள்" என்றவள், பதினான்கையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஏழுவாய் என்ற பெயரை நான் அங்கேயே, அந்த வாசலிலேயே வைத்தேன்.

தொழில், இணையத்தில் ஒரு நிமிடச் சிரிப்பு வீடியோ போடுவது. ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சந்தித்துக்கொள்ளும் தமிழ்ப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் பை தூக்கும் புருசன்மார், எல்லாரும் அவளே. துவாயைத் தலையில் கட்டினால் மாமி, கழற்றினால் மருமகள். ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, "அது என்னைத்தான் நக்கலடிச்சவள்" என்று என்னிடம் முறையிட்டார்கள். நாலாவது ஆள், தன்னை ஏன் இன்னும் நக்கலடிக்கவில்லை என்று கோபித்துச் சாப்பிடாமலே போனார்.

பிறகு நோர்வேஜியக் கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுக்கும் வேலை வந்தது. முதலில் ஓர் அணில். அடுத்தது ஒரு கோபக்கார முகில். அதற்கடுத்ததுதான் வில்லங்கம்: ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில், தண்ணீரில் மூழ்கிச் செத்த பெண்ணின் பேய். அந்தக் குரலைப் பழக, நிலவறையில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போவாள்.

கீழ்வீட்டு நோர்வேக்காரர் ஓட்வார் நாலு வருசமாக என்னிடம் 'ஹை' என்பதற்கு மேல் ஒரு சொல் பேசாத மனுசன். ஒரு செவ்வாய்க்கிழமை, தோளில் ஈரப் படுக்கைவிரிப்போடு மாடியேறி வந்து நின்றார்.

"குழாய்க்குள் யாரோ என் பெயரைச் சொல்கிறார்கள்."

"அது பக்கத்து வீட்டுப் பிள்ளை. பேயாகப் பயிற்சி எடுக்கிறாள்."

ஓட்வார் யோசித்தார். "அதற்கு அவள் நேரம் பதிந்திருக்கிறாளா?"

மறுவாரமே தோய்க்கும் அறைப் பட்டியலில் எழுதியிருந்தது: செவ்வாய், நான்கு முதல் ஐந்து வரை, பேய்.

"அந்த மனுசன்ரை பேரை ஏன் பிள்ளை சொன்னனி?" என்று அவளைக் கேட்டேன்.

"நான் ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லை அக்கா. மூச்சு மட்டும்தான் விட்டனான்."

நான் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து நிலவறைக்குத் தனியே போவதை விட்டுவிட்டேன்.

அந்த நவம்பரில்தான் பஸ் மாமா வந்தார். ஒஸ்லோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். திருகோணமலைக்காரியான மனைவி செத்து ஒரு வருசம். மனைவி விட்டுப்போன ஒரேயொரு குரல்பதிவு அவருடைய போனில் இருந்தது. அதைப் போட்டுக் காட்டினார்: "இஞ்சருங்கோ, ஹவுகெட்டோவிலை இறங்கிட்டன். தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடுங்கோ."

"ஒருக்கா, ஒரேயொருக்கா அவ மாதிரிக் கதை பிள்ளை" என்றார்.

ஏழுவாய் மறுத்தாள். மாமா எழும்பவில்லை. கடைசியில் அவள் கண்ணை மூடி, "இஞ்சருங்கோ" என்றாள். மாமா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு வந்தார். அந்த மாதத்தில் நாலு மணிக்கே யன்னல் கறுத்துவிடும். அந்த வாரக் கதையெல்லாம் மாமா சொல்ல, செத்த மனுசி பதில் சொல்லுவா. "தனிய இருக்கப் பயமாக் கிடக்கு" என்று ஏழுவாய் கெஞ்சியதால் நானும் ஒரு மூலையில் இருந்தேன்.

நாலாவது ஞாயிறு, தனக்குச் சாப்பிடவே மனமில்லை என்றார் மாமா.

"நெத்தலி, இப்பிடிப் பட்டினி கிடந்தா காத்தெல்லே உங்களை அடிச்சுக்கொண்டு போயிடும்" என்றது குரல்.

மாமாவின் தேத்தண்ணிக் கோப்பை பாதியில் நின்றது. "அந்தப் பேர்... அவ கதவைச் சாத்திப்போட்டு எனக்கு மட்டும் சொல்லுற பேர். உனக்கு ஆர் சொன்னது?"

ஏழுவாய் விழித்தாள். "எந்தப் பேர்?"

அதையும் மாமியின் குரலிலேயே கேட்டாள்.

"போதும் பிள்ளை, விடு" என்றேன்.

"நான் அப்பவே விட்டிட்டன் அக்கா" என்றது மாமியின் குரல். மாமா தொப்பியைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை என் கதவு தட்டப்பட்டது. "அக்கா, இது போகுதில்லை." முப்பது வயதுப் பெண்ணின் வாய்க்குள்ளிருந்து அறுபது வயது மனுசி அழுதாள். ஒலிப்பதிவுக்குப் போனால், அணில் வாயைத் திறந்து திருகோணமலை மாமியாகக் கதைக்கிறதாம், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வைத்தியர் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, ஒரு குறையுமில்லை, ஓய்வெடுங்கள் என்றார். மேற்கு நோர்வேயில், ஸ்தவாங்கர் நகரில் இருந்த தாய்க்குப் போன் எடுத்தாள். "ஆர் நீங்கள்?" என்றார் தாய். "என்ரை பிள்ளையின்ரை போன் உங்களிட்டை எப்பிடி வந்தது? அவளிட்டைக் குடுங்கோ!" ஏழுவாய் போனை வைத்துவிட்டு என் குசினித் தரையில் இருந்துவிட்டாள்.

"உன்ரை சொந்தக் குரலிலை கதை பிள்ளை."

"அது எப்பிடி இருந்தது அக்கா?"

எனக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. பாடச் சொன்னேன், எண்ணச் சொன்னேன், சுடுதண்ணீரில் இஞ்சி போட்டுக் கொடுத்தேன். மாமி பாடினா, மாமி எண்ணினா, மாமி இஞ்சித்தண்ணி உறைக்கிறது என்றா.

மூன்றாம் நாள் இருவரும் குப்பை கொட்டப் போனோம். படிக்கட்டின் அடியில் இருந்த இரும்புக் கதவுக்குள் அவள் விரல் நசிபட்டது. அவள் போட்ட கூச்சலில் கட்டடமே அதிர்ந்தது. கூச்சலோடு ஒரு நோர்வேஜியத் தூஷணமும் வந்தது. அதை எழுதினால் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆனால் அது அசல் ஸ்தவாங்கர்த் தூஷணம்! தொண்டைக்குள் உருட்டுகிற ஸ்தவாங்கர் 'ர'! அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையின் குரல்!

"அதுதான்! அதுதான் நீ! இன்னொருக்காச் சொல்லு!"

விரலை வாயில் வைத்துக்கொண்டு, அழுதபடி, சிரித்தபடி எட்டுத் தரம் சொன்னாள். ஓட்வார் கதவைத் திறந்தார். கொஞ்சநேரம் கவனமாகக் கேட்டார். "ஸ்தவாங்கரா? எனக்கும் அதுதான் ஊர்" என்றுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அடுத்த ஞாயிறு பஸ் மாமா வந்தார். அவர் இருக்கும் முன்பே, கட்டுப்போட்ட விரலை நீட்டிக்கொண்டு ஏழுவாய் சொன்னாள்: "மாமா, மாமி மாதிரி இனி என்னாலை கதைக்கேலாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மாமா போன முறை விட்டுப்போன தொப்பியை எடுத்து மடியில் வைத்தார். "பரவாயில்லை. அவ சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டா. நான் இப்ப ஒழுங்காச் சாப்பிடுறன்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீ உன்ரை குரலிலை சொல்லு பிள்ளை, இண்டைக்கு என்ன சமைச்சனி?" என்று கேட்டார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கதைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

இப்போது அவள் வேறு ஊரில், பெரிய பெரிய படங்களுக்குக் குரல் கொடுக்கிறாள். மாதத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிடுவாள்: ஒருமுறை வரி அலுவலராக, ஒருமுறை பல் வைத்தியராக, ஒருமுறை என்னை மாப்பிள்ளையின் தாயென்று நினைத்து, பெண் பார்க்க வராமல் ஏமாற்றிவிட்டதாக அழும் ஒரு தாயாக. வாயைத் திறக்குமுன் அவள் இழுக்கிற சின்ன மூச்சிலேயே எனக்கு ஆள் தெரிந்துவிடும். ஆனாலும் போனை வைக்கும்வரை, ஏமாந்தவள் மாதிரியே கதைத்துக்கொண்டிருப்பேன்.