ஒருமனதாக விற்ற ஃபிளாட்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த மகத்தான காரியம், மாட்டுங்காவில் எங்கள் அப்பாவின் ஃபிளாட்டை நாங்கள் சண்டையில்லாமல் விற்றதுதான். மும்பையில் சொத்து என்று வந்துவிட்டால் கூடப்பிறந்தவர்கள் கோர்ட்டில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் அப்படியல்ல, படித்தவர்கள்.

அப்பா உயில் எழுதாமல் காலமானார். நான்கு பிள்ளைகளுக்கும் சம உரிமை. செம்பூரிலிருந்து நான், புனேயிலிருந்து தங்கை வந்தனா, நியூ ஜெர்சியிலிருந்து தம்பி கௌசிக், மூவரும் 'உயர்மட்டக் குழு'வாகக் கூடினோம். நான்காவது, எங்களுக்கெல்லாம் மூத்தவளான ருக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே இருந்து, படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவுக்குக் கடைசிவரை எல்லாம் செய்தவள். அவளுக்கு வேறு வீடு கிடையாது. எனவே அவளைக் குழுவில் சேர்க்கவில்லை. சொந்த நலன் உள்ளவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மேனேஜராக இருந்த எனக்கு இந்த மரபெல்லாம் அத்துப்படி.

"எமோஷனலா யோசிக்கப்படாது அண்ணா. எல்லாருக்கும் ஒரு க்ளோஷர் வேணும்," என்றான் கௌசிக்.

அந்த க்ளோஷர் அவன் லீவு முடிவதற்குள் வந்தாக வேண்டும். ஆகவே துக்கம் கழிந்து விருந்து போடும் பதின்மூன்றாம் நாள், சுபத்தன்றே, வீடு வாங்குகிறவர்களை வரவழைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது.

அக்கா எங்கே போவாள் என்பதும் 'பரிசீலனைக்கு' வந்தது.

"எங்காத்துல மாமியார் இருக்கா. இல்லேன்னா அக்காவைக் கண்ணுல வெச்சுப் பாத்துப்பேன்," என்றாள் வந்தனா.

"நியூ ஜெர்சி குளிர் அவளுக்கு ஆகாது," என்றான் கௌசிக்.

என் வீட்டில் ஓர் அறை காலிதான். ஆனால் அங்கே என் மகள் மானசாவின் டிரெட்மில் இருக்கிறது. அதில் யாரும் ஓடுவதில்லை என்பதற்காகக் குடும்ப ஆரோக்கியத்தில் சமரசம் செய்துகொள்ள முடியுமா?

அக்கா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "நான் இருக்கற வரைக்கும் விக்க வேண்டாமேடா வெங்கி."

"அபசகுனமா பேசாதே அக்கா. நீ நூறு வயசு இருப்பே," என்று தேற்றினேன். எங்கள் கவலையும் அதுதான்.

சுபத்தன்று சாப்பாடு முடிந்ததும் புரோக்கர் சாஹில் வந்தான். மாலை போட்டிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றிப் பரண்மேல் வைத்தான்.

"ஃபோட்டோ பாத்தா பார்ட்டி பயப்படும் அங்கிள். சவுத் இண்டியன் காஃபி வாசனை வந்தா போதும், டீல் பக்கா," என்றான்.

அக்காவைக் காப்பி போடச் சொன்னோம். போட்டாள்.

வாங்க வந்த சாய்நாத் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொக்கிப்போனார். தட்டோடு பக்கத்தில் நின்ற அக்காவைக் காட்டி என்னிடம் இந்தியில் கேட்டார், "இந்த வேலைக்காரம்மா வீட்டோடயே இருப்பாங்களா? சம்பளம் கூட்டியே குடுத்துடறோம்."

அக்காவுக்கு எங்களைவிட நன்றாக இந்தி தெரியும். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேரம் படியும் நேரத்தில் வாங்குகிறவரின் தவறைத் திருத்துவது வியாபார நாகரிகம் ஆகாது.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்," என்று கண்ணியமாகப் பதில் சொன்னேன்.

அக்கா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். "பேப்பரைக் கொண்டா," என்றாள். நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். வந்தனா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு செல்ஃபி எடுத்தாள். 'ஒருமனதாக முடிந்தது, அக்கா ஒரு தியாகி' என்று வாட்ஸ்அப்பில் அறிவித்தோம்.

சாயங்காலம் அக்கா ஒரு பையோடு வந்து செருப்பை மாட்டினாள். தேவ்நாரில் பழைய சிநேகிதியின் வீட்டு மாடியில் ஓர் அறை பேசிவிட்டாளாம்.

"சாவி குடுக்க இன்னும் டைம் இருக்கே அக்கா, இருந்துட்டுப் போயேன்," என்றேன், பெருந்தன்மையாக.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் சுபம் முடிந்த வீடாயிற்றே. வந்தனாவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒண்ணும் சொல்லிக்காம போறியே அக்கா. தீட்டுதான் கழிஞ்சுடுத்தே, 'போயிட்டு வரேன்'னு சொல்லலாமே."

அக்கா நின்று, திரும்பி, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அப்பாவோட தீட்டு கழிஞ்சுடுத்துடி. நீங்க மூணு பேரும் எனக்கு இன்னிக்குத்தானே செத்துப்போனேள்."