மூன்று பால் பானைகளும் ஒரு சாவியும்

செரண்டா,
தை மாதம், 1986.

அன்புத் தம்பி சிவானந்தத்துக்கு உன் அக்கா புஷ்பவள்ளி எழுதுவது. நீயும் திலகமும் பிள்ளைகளும் ஜொகூரில் நலமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அதையும் உன் கடிதத்தில் எழுதியிருப்பாய். என் முழங்கால் வலி இருக்கிறபடியே இருக்கிறது. மற்ற நலங்களைக் கீழே காண்க.

உன் கடிதம் நேற்று வந்தது. உன் கோலசிலாங்கூர் வீட்டை ஆளில்லாமல் பூட்டி வைத்திருப்பது வீண் என்றும், அதை வாடகைக்கு விட்டுத் தரும் பொறுப்பைக் காளியண்ணனிடமே கொடுத்துவிட்டதாகவும், உன் கையிலிருந்த சாவியைத் தபாலில் அவனுக்கு அனுப்பிவிட்டதாகவும், என்னிடம் இருக்கும் இன்னொரு சாவியையும் அவன் வந்து கேட்டால் தந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அக்கா வீட்டுக்கு ஒரே மாதத்தில் ஆள் பிடித்துவிட்டானாம், அதனால்தான் உனக்கு நம்பிக்கை பிறந்ததாம். ஆள் பிடித்தது உண்மைதான். தேவைக்கு மேலேயே பிடித்தான். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லலாம். ஆனால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் புதுத் தாமான் குடியிருப்பில் நான் வாங்கிப் போட்ட வீடு ஐப்பசியில் காலியானது உனக்குத் தெரியும். திலகத்தின் சித்தப்பா மகன் என்று காளியண்ணனை நீதான் அனுப்பி வைத்தாய். கழுத்தில் டை, கையில் தோல் பை, தங்க எழுத்தில் அச்சடித்த பெயரட்டை. சென்னையில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒருவரையொருவர் தேடி அலையாமல் இருப்பதற்காகவே தரகன் என்ற ஒருவன் இருக்கிறான் என்று அந்தக் காலத்தில் ஆறு பக்கத்துக்கு விடை எழுதியிருக்கிறேன். வீட்டு முகவர்கள் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதையும் பத்திரிகையில் படித்திருந்தேன். ஆகவே அவனிடம் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். "நம்ம சொந்தத்துக்குள்ள சூராட்டெல்லாம் எதுக்குக்கா? சாவிய மட்டும் குடுங்க, வர்றவங்களுக்கு வீட்டக் காட்டணும்ல" என்று, சான்றை மலாயில் சூராட்டாக்கிச் சொன்னான். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக எனக்குச் சில மதிப்பெண்கள் கொடுக்கலாம். அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் சாவியைக் கொடுத்ததற்கு ஒன்றும் கிடையாது.

பிறகு மார்கழி வந்தது. ஆள் கிடைத்ததா என்று நான் கேட்டபோதெல்லாம், "மார்கழியில எவங்க்கா வீடு மாறுவான்? தை பொறக்கட்டும் லா" என்றான். நியாயமான பதில்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அந்த நியாயத்தைத்தான் அவன் முதலாகப் போட்டிருக்கிறான். நம்மவர்கள் மார்கழியில் வீடு பார்ப்பார்கள், பேசுவார்கள், முன்பணமும் கொடுப்பார்கள். ஆனால் தலையே போனாலும் குடி புக மாட்டார்கள். ஆகவே ஒரு மாதம் முழுவதும் ஒரே வீட்டை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஒருவர் மற்றவர் கண்ணில் பட மாட்டார். எல்லாருக்கும் சாவிகூடக் கொடுக்கலாம், அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். அப்படித்தான் நடந்தது. தையில் முதல் முகூர்த்தம் போன வாரம். எல்லார் வீட்டிலும் ஒரே கோயில் நாட்காட்டிதான் தொங்குகிறது. நல்ல நேரமும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அன்று விடிந்ததும் அந்த வாடகை வீட்டின் எதிர்வீட்டுச் சீன அம்மாள் எனக்குத் தொலைபேசியில், "சிக்கு, உங்க வீட்டு வாசலில் மூன்று லோரி நிற்கிறதே, கல்யாணமா?" என்று மலாய் மொழியில் கேட்டாள். ஓய்வு பெற்ற பிறகும் அவளுக்கு நான் சிக்குதான், டீச்சர்தான். யாருக்குக் கல்யாணம் என்று எனக்கும் தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் ஒரு மாவிலைத் தோரணத்தின்மேல் இன்னொரு தோரணம் தொங்கியது. உள்ளே கூடத்தில் மூன்று குடும்பங்கள், மூன்று புதுப் பால் பானைகள், மூன்று பித்தளைக் குத்துவிளக்குகள். ஆளுக்கொரு சாவியை வேலாயுதம் போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கொடுத்த சாவியிலிருந்து வெட்டிய நகல்கள் அவை. மூன்றும் பளபளவென்று இருந்தன.

ரவாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கிற தங்கராஜு என்ற இளைஞன் ஒருவன். அவன் மனைவி கங்கா, நிறைமாதம். அவர்களை வழிநடத்த அவன் மாமியார். இன்னொருவர் முருகையா, ஓய்வு பெற்ற அரசாங்க அலுவலகக் கிராணி. மூன்றாமவர்கள் செல்லன், லெட்சுமி என்ற வயதான தம்பதி. ரப்பர் பால்மரத் தோட்டத்தில் காலமெல்லாம் வேலை செய்து, ஓய்வு பெற்றதால் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தார்கள்.

"நாங்கதான் மொதல்ல வந்தோம். தோரணங் கட்டுனதே நாங்கதான்" என்றாள் மாமியார்.

"தோரணங் கட்டுனா வீடு ஒங்களதாயிடுமா? எங்கிட்ட ரிசீட்டு இருக்கு" என்றார் முருகையா.

"ரிசீட்டு எங்ககிட்டயுந்தாங்க இருக்கு. அதே கிறுக்கல்தான்" என்றாள் லெட்சுமி.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான்தான் வீட்டுக்காரி" என்றேன்.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எத்தனாவதுங்க?" என்று கேட்டாள்.

இதில் இன்னொரு சிறப்பு, மூவரும் தனித்தனியே ஏற்பாடு செய்திருந்த குருக்கள் ஒருவரே. அவர் ஓரமாக உட்கார்ந்து தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உமக்குமா சந்தேகம் வரவில்லை என்று கேட்டேன். "வெலாசம் ஒன்னாத்தான் இருந்திச்சும்மா. ஒரே எடத்துல மூணு விசேஷம், அலைச்சல் மிச்சம்னு நெனச்சேன்" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான், போலீஸ் வந்திருந்தாலும் அடங்காத சண்டை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. முதலில் பால் பொங்கட்டும், வழக்கைப் பிறகு பார்க்கலாம் என்று என்னைத் தவிர எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். யாருடைய பால் முதலில் பொங்குகிறதோ அவர்களுக்கே வீடு என்று முருகையா ஒரு சட்டத்தையும் இயற்றினார். தன்னுடைய மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் அவருக்கு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். ஆனால் மாமியாருடைய கேஸ் அடுப்பு அவரை முந்திவிட்டது. செல்லன் என் சிமெண்டுத் தரையில் மூன்று செங்கல்லை வைத்துப் பால்மர விறகை மூட்டினார். ஊதி ஊதி வீடு முழுவதும் புகைந்த பிறகு கடைசியாகத்தான் அவர் பானை பொங்கியது. ஆனால் அது கிழக்கே வழிந்தது, கேஸ் அடுப்புப் பால் மேற்கே வழிந்தது என்று லெட்சுமி சுட்டிக்காட்ட, வழக்கு மறுபடியும் தொடங்கியது. வீட்டுக்காரி என்ற முறையில் மூன்று வீட்டுப் பாலையும் நான் குடிக்க வேண்டியதாயிற்று. எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது உனக்குத் தெரியும்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கே அலுப்பாக இருக்கிறது. போலீசில் புகார் கொடுத்தாயிற்று. பெயரட்டையிலிருந்த தொலைபேசி எண்ணுக்கு அடித்தால் ஒரு கோழிக்கடைக்காரர் எடுக்கிறார். முருகையா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகள் வீட்டுக்கே திரும்பிப் போனார். தங்கராஜு விடவில்லை. "ஆண்ட்டி, ஐ அண்டர்ஸ்டேண்ட், பட் அவன் ஒங்க ஏஜெண்ட் லா. கீ யாரு குடுத்தா?" என்றான். இதற்குச் சட்டத்தில் என்ன பதில் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் இழந்த முன்பணத்தில் பாதியை என் தலையில் ஏற்றுக்கொண்டு, வழக்கறிஞர் முன்னிலையில் ஒப்பந்தம் எழுதி, முத்திரை வரியும் கட்டி, அந்தக் குடும்பத்தையே குடிவைத்துவிட்டேன். மாமியார் இப்போது என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறாள். அதுவும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

செல்லன், லெட்சுமி விஷயம்தான் முடியவில்லை. அவர்கள் விட்டு வந்த லயத்து வீட்டுக்கு மறுநாளே வேறு குடும்பம் வந்துவிட்டது. மகன் சோமு தஞ்சோங் காராங்கில் நெல் ஆலை லோரி ஓட்டுகிறான். ஆலைக்காரர் கொடுத்த ஓர் அறையில் நான்கு பையன்களோடு படுத்துக்கொள்கிறவன், தாய் தகப்பனை எங்கே வைத்துக்கொள்வான்? கையிலிருந்ததையெல்லாம் காளியண்ணனிடம் கொடுத்துவிட்டார்கள். "நாங்க கோயில் கொட்டாயில இருந்துக்கிறோம் டீச்சரம்மா" என்றார் செல்லன். கோயிலுக்கும் ஏஜெண்டு உண்டா என்று விசாரித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி, அவர்கள் சாமான்களை என் வீட்டுக் கூடத்தில் இறக்கச் சொன்னேன். இப்போது ஒரு தகரப் பெட்டி, ஒரு கட்டில், முருகன் படம், ஒரு சேவல் ஆகியவற்றுக்கு நடுவே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சேவல் என் புத்தக அலமாரியைப் பார்த்துக் கூவுகிறது. நான் எழுவதற்கு முன்பே லெட்சுமி என் வாசலைப் பெருக்கிவிடுகிறாள். வேண்டாம் என்றால், "சும்மா ஒக்காந்து சாப்புட்டா செரிக்கல்லீங்க" என்கிறாள். செல்லன் நான் சொல்லாமல் நாற்காலியில் உட்காருவதில்லை. சொன்னாலும் நுனியில்தான். வேறு வீடு பார்க்க அவர்களை அழைத்துக்கொண்டு ரவாங்கில் முறையாகப் பதிவு பெற்ற முகவர் ஒருவரிடமே போனேன். நல்ல மனிதர், சம்பளச் சீட்டு கேட்டார். ஓய்வு பெற்றவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? லெட்சுமி வெளியே வந்து, "ஒரு ரூம்பு போதும்னு சொல்லிப் பாக்கலாமாங்க?" என்றாள். திரும்பி வருகிற பேருந்திலும் செல்லன் இருக்கையின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

ஆகவே தம்பி, கேட்டுக்கொள். முகவர் பதிவு பெற்றவரா என்பதை அவரிடமே கேட்காதே, பதிவு செய்கிற வாரியத்திடம் எழுதிக் கேள். சொந்தக்காரன் என்றால் இரண்டு முறை எழுதிக் கேள். வீட்டைக் காட்டுவதற்கு நீயோ உன் ஆளோ கூடப் போக வேண்டும். சாவி தனியாகப் போகக் கூடாது. உன் மகள் நாளைக்குக் கோலாலம்பூரில் வாடகைக்கு வீடு பார்த்தால், உரிமையாளரை நேரில் பார்த்து, அவருடைய ஐ.சி. அடையாள அட்டையையும் வீட்டு வரி ரசீதையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வரைக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல். மார்கழியில் கொடுக்கவே வேண்டாம். நல்ல நேரம் போய்விடும் என்று எவன் அவசரப்படுத்துகிறானோ அவன் தன்னுடைய நல்ல நேரத்தைச் சொல்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவர் வீட்டில் இன்னொருவரைக் குடியேற்றுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எப்பேர்ப்பட்ட காரணம் சொன்னாலும், அவர் மோசடிக்காரர்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கோலசிலாங்கூர் வீட்டுப் பூட்டை மாற்று. இன்னொரு சாவி என் இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. காளியண்ணனுக்கு மட்டுமல்ல, யாருக்கும் அது போகாது. அதற்கு நான் பொறுப்பு.

திலகத்துக்கு என் அன்பு. அவள் சித்தப்பா குடும்பத்துக்கு அதில் பங்கில்லை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்லி வைக்காதே. உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும், நிறைந்த செல்வமும், நல்ல பூட்டும் அமையட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
புஷ்பவள்ளி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் செல்லனின் மகன் சோமு லோரியோடு பெற்றோரைப் பார்க்க வந்தான். பேச்சுவாக்கில், டை கட்டிய ஒருவன் நேற்று கோலசிலாங்கூரில் ஒரு பழைய வீட்டை நான்கைந்து பேருக்குக் காட்டிக்கொண்டிருந்ததை லோரியிலிருந்து பார்த்ததாகச் சொன்னான். கதவின் நிறம் கேட்டேன், பச்சை என்றான். உன் வீடேதான். உனக்குக் கடிதம் வந்து சேர்ந்து, நீ விடுப்புக் கேட்டு, அது கிடைத்து நீ வருவதற்குள் தையில் எத்தனை முகூர்த்தம் இருக்கிறது என்று நாட்காட்டியைப் பார்த்தேன். பிறகு அலமாரியைத் திறந்தேன். கட்டில், தகரப் பெட்டி, முருகன், சேவல் எல்லாம் லோரியில் ஏறின. நானும் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். என் முழங்கால் அதை மன்னிக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உன் வாசலில் யாரோ ஏற்கெனவே மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். பூட்டை மாற்றியாயிற்று. வியாழக்கிழமை முகூர்த்தத்துக்கு யாராவது பால் பானையோடு வருவார்கள். செல்லன் அவர்களுக்கு விவரம் சொல்வார், லெட்சுமி காப்பி கொடுப்பாள். காளியண்ணன் வந்தால் அவனைக் கவனிக்கச் சோமுவும் இரண்டு நண்பர்களும் ஆலையில் விடுப்புச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உன் வீட்டுக்கு வாடகை செல்லனிடமிருந்து மாதா மாதம் வரும்; எவ்வளவு என்பதை நான் முடிவு செய்துவிட்டேன். ஒப்பந்தம், முத்திரை, சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. லெட்சுமி மட்டும் வாசற்படியில் நின்றுகொண்டு, "வூட்டுக்கார ஐயாவுக்குத் தெரியுமாங்க? ஒரு எழுத்து வேணாமாங்க?" என்று கேட்டாள். நம்ம சொந்தத்துக்குள்ள சூராட்டெல்லாம் எதுக்கு என்று சொல்லி, புதுச் சாவியை அவள் கையில் கொடுத்தேன்.