இருபது லிட்டர் சம்ப்

நம்மூரில் சம்ப் என்றால் ஒரே அர்த்தம்தான். வாசலில் குழி தோண்டி, சிமெண்ட் பூசி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டி. பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம், இருபத்தேழு வயதில், கிளார்க் வேலையும் பெரிய மீசையுமாகத் திரிந்த எனக்கு மறந்துபோனது. அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. (நின்றிருக்கலாமே என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வருகிறது. கண்டுகொள்ளாதீர்கள்.)

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். எனக்கு மீன் பைத்தியம். கூடத்தில் நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. அதில் ஆறு ஏஞ்சல் மீன்கள். ஒருநாள் மலைக்கோட்டைக்குக் கீழே பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டு மீன் பத்திரிகை ஒன்று கிடைத்தது. மீன் தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வையுங்கள், மேலே உள்ள அழுக்குத் தண்ணீர் கீழே இறங்கி, பஞ்சிலும் கூழாங்கல்லிலும் வடிகட்டி, குட்டி மோட்டார் வழியாக மறுபடி மேலே போகும் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கீழ்த்தொட்டிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சம்ப்.

அதற்குக் கண்ணாடியில் ஓட்டை போட வேண்டும். கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்டேன்.

"போட்டுத் தரேங்க. ஆனா விரிஞ்சுதுன்னா என்னைய ஒண்ணும் கேக்கப்படாது."

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கும் பத்திரிகையில் வழி இருந்தது. ஓட்டையே வேண்டாம். வளைந்த டியூப் ஒன்றைத் தொட்டியின் விளிம்பில் மாட்டி, ஒருமுறை வாயால் உறிஞ்சிவிட்டால் போதும். தண்ணீர் தானே சுவரேறிக் குதித்துக் கீழே இறங்கும். நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அடுத்த பக்கம் இல்லை. (அதில் கடலை மடித்துக் கொடுத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.)

ஒரு நீலப் பிளாஸ்டிக் டப், பழைய ஏர் கூலரிலிருந்து கழற்றிய மோட்டார், ஒரு டியூப். வேலை முடிந்தது, ஓடவும் செய்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் பார்த்த மாமாவைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் தம்பி, எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவர்.

"மாமா, வீட்டுல சம்ப் வெச்சுட்டேன். எல்லாம் என் கைவேலை."

"அடேடே! வாடகை வீட்டுலயா? ஓனர் ஒண்ணும் சொல்லலையா?"

"அவரு என்ன சொல்றது மாமா? ஒரு ஓட்டைகூடப் போடலையே!"

"ஓட்டை போடாம சம்பா!" என்று வாயைப் பிளந்தவர், வீட்டுக்கு வந்து பார்க்காமல் நேரே உறையூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

உறையூரில்தான் மல்லிகா இருந்தாள். முந்தின மாதம் பெண் பார்க்கப் போயிருந்தோம். பஜ்ஜித் தட்டை நீட்டியபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: "உங்க பக்கம் தண்ணி நல்லா வருங்களா?" தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். தெருப் பம்பை அடித்து அடித்து உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அந்த நிமிடமே என் மனசு போய்விட்டது. ஆனால் அவள் அப்பா அசையவில்லை. "எம்பொண்ணு பத்து வருஷமா குடம் தூக்குது. போற எடத்துலயும் தூக்கணுமா?" என்று சொல்லிவிட்டார். போதாக்குறைக்குத் துறையூரில் இன்னொரு வரன் காத்திருந்தது. அவர்கள் வீட்டுக் கொல்லையிலேயே கிணறு. அந்தக் கிணற்றை நினைத்து நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தேன். இந்த நிலையில்தான் மாமா போய், பையன் வீட்டில் சம்ப் வைத்தாகிவிட்டது என்று போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மல்லிகாவின் அப்பா, மாமாவுடன் வீடு பார்க்க வந்தார். ஜவுளிக் கடைக்காரர், வேட்டி சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. எல்லாம் சரியாக இருந்தால் முகூர்த்தம் குறிக்க எடுத்துப்போவார் என்று, அம்மா என் ஜாதகத்துக்கு மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்திருந்தாள். தாம்பாளத்தை வைத்த இடம் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூல்.

காபி குடித்துவிட்டு அவர் எழுந்தார். "அந்த சம்பப் பாத்துடலாங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் மீன்களைப் பார்க்கக் கேட்ட முதல் மனிதர்! "வாங்க, வாங்க" என்று நான் கூடத்து மூலைக்கு நடந்தேன். அவர் வாசலுக்கு நடந்தார். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றோம்.

கடைசியில் அவர்தான் திரும்பி வந்தார். நான் நீல டப்பைக் காட்டினேன்.

"இதாங்க சம்ப்."

அவர் குனிந்து பார்த்தார். "எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

"இருபதுங்க."

"இருபதாயிரமா?"

"இல்லீங்க. வெறும் இருபது."

"குடும்பத்துக்கு இது எப்படிங்க பத்தும்?"

"தாராளமாப் பத்தும்ங்க. மொத்தமே ஆறு பேருதான்."

"நீங்களும் அம்மாவும் மட்டும்னுல்ல சொன்னாங்க?"

"நாங்க இல்லீங்க. ஏஞ்சலுங்க."

அவர் முகம் மாறியது. "யாருங்க அந்த ஏஞ்சல்?"

"ரெண்டு வருஷமா என்கூடத்தாங்க இருக்காங்க. அம்மாவுக்கும் தெரியும்."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். நான் மீன்களைச் சுட்டிக்காட்டி விளக்குவதற்குள் கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது. மேல் தொட்டித் தண்ணீர் கீழே இறங்கி, டப் விளிம்பு வரை ஏறி, 'களக்' என்ற சத்தத்தோடு நின்றது.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு வெளிய சிந்தல" என்று மார்தட்டினேன். டியூப் காற்றை இழுத்து உயிரை விட்ட சத்தம் அது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம்தான் கடலை மடிக்கப் போய்விட்டதே!

பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. மோட்டார் டப்பிலிருந்த தண்ணீரை எல்லாம் உற்சாகமாக மேலே ஏற்றியது. மேலே போன தண்ணீர் இறங்க வழியில்லை. தொட்டி நிரம்பி, நாலாபுறமும் வழிந்து, முதலில் ஸ்டூலில் இருந்த தாம்பாளத்தில்தான் விழுந்தது.

"ஐயோ, ஜாதகம்டா!" என்று அம்மா அலறினாள்.

சுவிட்சை அணைத்திருந்தால் முடிந்தது. (இந்த யோசனை எனக்கு மறுநாள் வந்தது.) நான் பாய்ந்துபோய் டியூபை வாயில் வைத்து, மூச்சடக்கி உறிஞ்சினேன். வாய் கொள்ளாமல் வந்தது மீன் தண்ணீர். பாதி வயிற்றுக்குப் போனது. மீதி, புரையேறி, மல்லிகா அப்பாவின் சட்டைக்குப் போனது.

அவர் சுவரோரமாக நடந்துபோய் சுவிட்சை 'டக்' என்று அணைத்தார். மாமா சொட்டச் சொட்ட ஜாதகத்தைத் தூக்கிப் பிடித்து, "செவ்வாயக் காணோமே!" என்றார். நீல மை ஒழுகிக்கொண்டிருந்தது.

"கெளம்பறேன்" என்றார் மல்லிகாவின் அப்பா. "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் புரிந்துபோனது. அவர் தெருமுனை திரும்பியதும், ஈரத்தரையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

மூன்றாம் நாள் மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். "டேய், முடிஞ்சுதுடா!"

"தெரியும் மாமா."

"அட மக்கு! கல்யாணம் முடிவாயிடுச்சுடா!"

நடந்தது இதுதான். அவர் வீட்டுக்குப் போய், இந்தச் சம்பந்தம் ஏன் வேண்டாம் என்று காரணங்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். இருபது லிட்டர், ஆறு ஏஞ்சல், கரைந்துபோன செவ்வாய். அப்போதுதான் பம்படியிலிருந்து வந்த மல்லிகா, இடுப்புக் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறாள். சிரித்து முடித்து, "தொறையூருக்கு வேண்டாம்னு சொல்லிடுங்கப்பா. கெணத்த எத்தனை நாளைக்குப்பா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து உறையூரில் எனக்குப் பெயர் சம்ப் மாப்பிள்ளை. சொந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி.

ஏழெட்டு வருடம் கழித்துச் சொந்தமாக வீடு கட்டினோம். மாமனார் கூடவே நின்று, அஸ்திவாரத்துக்கும் முன்னால் வாசலில் எட்டாயிரம் லிட்டருக்கு நிஜமான சம்ப் தோண்டவைத்தார். கிரகப்பிரவேசத்தன்று உறவுக்காரர்கள் அத்தனை பேரையும் அதைச் சுற்றி நிற்க வைத்து, மூடியைத் திறந்து, கையிலிருந்த பிளாஸ்டிக் பையை உள்ளே கவிழ்த்தார். குட்டிக் குட்டியாக ஆறு மீன்கள்.

"கொசுப்புழுவத் திங்கும்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்பினார். "மொத்தமே ஆறு பேருதான் மாப்ள. தாராளமாப் பத்தும்."

மல்லிகா கையிலிருந்த நிறைகுடத்தைக் கீழே வைத்துவிட்டு, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.